படல்

பச்சை முள்ளின் கசப்பு வாசனையும், அதை நகர்த்தும்போது மணிக்கட்டில் விழும் கீறலின் எரிச்சலும்தான் எனக்குப் 'படல்' என்ற சொல். புதுவாயலுக்குப் பக்கத்தில் எங்கள் நெல்வயலின் நுழைவில், பனைமட்டையையும் சீமைக்கருவேல முள்ளையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, நான் நைனா என்று கூப்பிடும் அப்பா நிறுத்தியிருந்த அந்தத் தடுப்புக்குப் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. யார் வேண்டுமானாலும் நகர்த்திவிட்டு உள்ளே வரலாம், வாய்க்காலில் கால் கழுவலாம். போகும்போது சாத்திவிட்டுப் போனால் போதும். நான் மறந்துவிட்டு ஓடினால் பின்னாலிருந்து நைனாவின் குரல் வரும்: "இன்னாத்த பாத்துக்கினு ஓடற? படல சாத்துடி, ஆடு பூந்துடும்!" அறுப்பு முடிந்ததும் அவரே அதை அவிழ்த்து ஓரமாகப் போட்டுவிடுவார், ஊர் மாடெல்லாம் வந்து அறுத்த நெல்லின் அடித்தாளை மேயும். வயலில் காக்க ஒன்றும் இல்லாதபோது படல் எதற்கு என்பார்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, பக்கத்து நிலங்களை வாங்கிய ஒரு கம்பெனி ஆள் உயரத்துக்கும் மேலே 'சேப்டி சொவரு' எழுப்பியது. எங்கள் வயல் தண்ணீர் வடியும் வாய்க்காலின் குறுக்கே கட்டி, அதை அடைத்தேவிட்டார்கள். ஐப்பசி மழையில் பால் பிடிக்கும் பயிர் தண்ணீருக்குள் போனது. நைனா கம்பெனி கேட்டுக்கு ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். காவலுக்கு நின்றவர் எங்கள் ஊர்க்காரர், நைனாவுக்குத் தம்பி முறை.

"ஒரு கொழா போற அளவுக்கு ஓட்ட போடச் சொல்லுடா, போதும்" என்றார் நைனா.

"சேப்டிக்குக் கட்னதுண்ணே. நான் கைய வெச்சா வேல பூடும்."

"சேப்டியா? யாருகிட்டேர்ந்துடா? எங்கிட்டேர்ந்தா?"

பயிர் அழுகிய நாற்றம் பொங்கல் வரை போகவில்லை. அடுத்த மழைக்கும் அதே கதைதான். நைனா வயலை அந்தக் கம்பெனிக்கே விற்றார். முழுகுகிற நிலத்தை வேறு யார் வாங்குவார்கள்? அதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

போன மாதம் என் மகளோடு அந்த வழியாகப் போனேன். சுவர் எங்கள் வயலையும் வளைத்துக்கொண்டு நீள்கிறது. மேலே முள்கம்பி, 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று பலகை. இத்தனை வருடத்தில் எங்கள் நிலத்தில் ஒரு செங்கல்லைக்கூட அவர்கள் வைக்கவில்லை. மகளுக்குப் படல் என்றால் என்னவென்றே தெரியவில்லை, சொன்னேன். இரும்புக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தவள், "உள்ள வெறும் முள்ளுதானேம்மா இருக்குது? இதுக்கா இவ்ளோ பெரிய சொவரு?" என்றாள்.

ஆமாம். எங்கள் நெல்லைக் காக்க நைனா வெட்டிக் கட்டிய அதே சீமைக்கருவேல முள்ளுக்குத்தான் இப்போது அத்தனை காவலும்.