கிராபிக்ஸ் கார்டு குளிர்ந்த மத்தியானம்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பினவன் இல்லை நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பெரியவருக்கு வயசாகிவிட்டது, மனசு தளர்ந்துபோச்சு என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். கடலூர் சுற்றுவட்டாரத்தில் பேய் இருக்கிறது என்று சொன்ன இடத்துக்கெல்லாம் நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அண்ணாகிராமம் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் ஆள் இல்லாமலே மோட்டார் ஓடுகிறது, செத்துப்போன பெரியப்பாதான் வந்து போடுகிறார் என்று மொத்தக் குடும்பமும் படையல் போட்டுக்கொண்டிருந்தது. நான் போய் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன், உள்ளே ரிலேயில் ஒரு பல்லி நசுங்கிக் கிடந்தது. "இந்தாங்க உங்க பெரியப்பா" என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

படிப்பு அஞ்சாவதோடு சரி. எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் டீ வாங்கிக் கொடுக்கப் போனவன், இன்றைக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருக்கிறேன், மேலேயே வீடு. நெல்லிக்குப்பம் கரும்புக் கொல்லை மோட்டாரிலிருந்து காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில் மோட்டார் வரைக்கும் எரிந்துபோனால் என்னிடம்தான் வரும். மோட்டார் எவ்வளவு சுடுகிறது என்று பார்க்க நான் புறங்கையைத்தான் வைப்பேன். உள்ளங்கையை வைத்தால், கரண்ட் கசிகிற மோட்டாராக இருந்தால் விரல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும், சூடும் அதில்தான் சரியாகத் தெரியும். வைப்பதற்கு முன்னால் மோதிரத்தைக் கழற்றிவிடுவேன். கடை போட்ட வருஷம் என் சொந்தக் காசில் செய்த சிவப்புக்கல் மோதிரம் அது. குளிக்கும்போதுகூட விரலில்தான் இருக்கும், மெஷினைத் திறக்கும்போது மட்டும் இறங்கும்.

மகன் கப்பலில் வேலை செய்கிறான். மருமகள் ரோஸ்லின் சிதம்பரத்துப் பெண், அவனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டது, சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆரம்பத்தில் கொஞ்சம் முறைத்துக்கொண்டோம், பிறகு பழகிவிட்டது. அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. கட்டப்போகிற வீட்டைக் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் நிஜம் மாதிரி படமாக ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கென்று ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டு, அதில் மூன்று ஃபேன். வேலை ஏறினால் அந்த மூன்றும் சேர்ந்து போடுகிற சத்தம் நம்ம கடை கிரைண்டருக்குச் சமம்.

அந்த அறைக்கு அடுத்த அறையில்தான் என் மனைவி கலாவதி படுத்திருந்தாள். இருதயம் பலவீனமாகி, காலெல்லாம் நீர் கோத்து, டாக்டர் தூக்கம்தான் பாதி மருந்து என்று சொல்லிவிட்டார். ஃபேன் சத்தத்தில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மாமியாரும் மருமகளும் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். ஒருத்தி சத்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை, இன்னொருத்தி அத்தை கண்ணை மூடியிருக்கிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்து வேலையை நிறுத்தி நிறுத்திச் செய்தாள். மொட்டைமாடி அறைக்கு மெஷினை மாற்றலாம் என்றால் சித்திரை வெயிலில் அது அடுப்பு.

ரோஸ்லின்தான் ஒருநாள் சொன்னாள், கார்டுக்குப் போகிற வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், வேலையும் அதே வேகத்தில் நடக்கும் என்று. நான் சிரித்துவிட்டேன். லோ வோல்டேஜில் மோட்டார் என்ன ஆகும் தெரியுமா? ஆம்பியரை அதிகம் இழுக்கும், காயில் கருகும். இந்த ஜில்லாவில் லோ வோல்டேஜ் மட்டும் இல்லாவிட்டால் எனக்கு இந்தக் கட்டடமே இல்லை.

"ஏம்மா, எரிஞ்சதுன்னா எங்கிட்டதான் வரணும். இதுக்கு நான் காயில் கட்ட முடியாது" என்றேன்.

"எரியாது மாமா. எல்லா கார்டும் ஒரே மாதிரி வராது. எது வந்தாலும் ஓடணும்னு கம்பெனிக்காரன் எல்லாத்துக்கும் கொஞ்சம் ஜாஸ்தியாவே குடுத்து அனுப்புறான். நம்ம கார்டுக்கு எவ்ளோ போதும்னு நாமதான் கண்டுபிடிக்கணும்."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. மனுஷனுக்கும் அப்படித்தானே என்று தோன்றியது. எவ்வளவு இருந்தால் போதும் என்று தெரியாமலே முழு வேகத்தில் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறோம். என்னைத்தான் சொல்கிறேன்.

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, அவள் படி படியாக இறக்கினாள். ஒவ்வொரு படிக்கும் கனமான ஒரு படத்தை ஓட விட்டுப் பார்ப்பது. நான் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு, மோதிரத்தை மேலே வைத்துவிட்டு, கார்டின் முதுகுத் தகட்டில் புறங்கையை வைத்திருப்பேன். சூடு நிஜமாகவே குறைந்துகொண்டு வந்தது. ஒரு படி அதிகமாக இறக்கியதும் திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. "பாத்தியா" என்று நான் குதித்தேன். அவள் சிரித்துக்கொண்டே திரும்ப ஆன் செய்து ஒரு படி மேலே ஏற்றினாள், கார்டு நின்று விளையாடியது. கிரைண்டர் சத்தம் போய், தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு முனகல்தான் மிச்சம். அன்றைக்குக் கலாவதி நன்றாகத் தூங்கினாள். எழுந்ததும், "மோட்டார் மேல வெச்ச கை கம்ப்யூட்டரையும் அடக்கிடுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மருமகளும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆனால் நோய் கேட்கவில்லை. மூச்சுவாங்கல் அதிகமாகி, சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரோஸ்லினின் தாய் வீடு பக்கத்திலேயே இருந்ததால் சோறு தண்ணிக்குக் கவலை இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள், பார்க்கிற நேரத்தில் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். நான் போனபோதெல்லாம் கலாவதி ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். "ஏங்க, கால் ஜில்லுனு இருக்குங்க." இரண்டு கம்பளி போர்த்தியிருந்தும், நான் தேய்த்துவிட்டும், அந்தக் கால் சூடு ஏறவே இல்லை. பம்புசெட் தொட்டியில் கிடந்த கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

ரோஸ்லின்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினாள். குளித்துத் தூங்கிவிட்டு வாங்க மாமா, அப்படியே ஒரு உதவி என்றாள். பாதியில் விட்டுவந்த ஒரு வீட்டுப் படம், மறுநாள் கொடுத்தாக வேண்டும், போனிலிருந்தே ஓட விட்டுவிட்டாள். கோடைக்காலம், ஆள் இல்லாத வீடு, சூடு ஏறினால் நிறுத்த ஒருவர் வேண்டும். திரை மூலையில் ஒரு எண் தெரியும், எண்பதைத் தாண்டினால் நிறுத்திவிடுங்க என்றாள். டாக்டரும் பயமில்லை என்று சொன்னதால் பஸ் ஏறினேன்.

நல்ல வெயில் நேரம். சாப்பிட்டுவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஃபேன் முனகிக்கொண்டிருந்தது, எண் அறுபதைத் தாண்டி நின்றது, திரையில் அந்த வீட்டுக்கூடம் கட்டம் கட்டமாக நிரம்பிக்கொண்டிருந்தது. எவனோ கட்டப்போகிற வீடு. அதில் விழப்போகிற வெயில்கூட இப்போதே விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கலாவதி இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை.

அப்போது ஃபேன் சத்தம் இறங்கியது. படம் முடிந்துவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை, கட்டங்கள் அதே வேகத்தில் நிரம்பிக்கொண்டிருந்தன. எண் ஐம்பது, நாற்பது என்று விழுந்தது. மூன்று ஃபேனும் நின்றுவிட்டன. வேலை இல்லாதபோது அவை தானாக நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வேலை நடக்கிறதே! எண்தான் பொய் சொல்கிறது, ஃபேன் பழுது, கார்டு உள்ளே வெந்துகொண்டிருக்கும் என்று நினைத்து அவசரமாகத் தகட்டைக் கழற்றினேன். மோதிரத்தைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்துவிட்டு, புறங்கையைக் கார்டின் முதுகில் வைத்தேன்.

ஜில்லென்று இருந்தது.

நம்பினால் நம்புங்கள். அந்த அறையில் மேசை சுட்டது, சுவர் சுட்டது, அந்தக் கார்டு மட்டும் பம்புசெட் தொட்டிக் கல் மாதிரி இருந்தது. நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. லைன் ஒயர் மட்டும் தனியாக வெளியே தெரிகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று என்னிடம் எப்போதும் இருக்கும், அன்றைக்கும் மெஷின் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒயரில், கரண்ட் அளக்கிற டாங் டெஸ்டரை மாட்டிப் பார்த்தேன். முழு வேலைக்கு எவ்வளவு ஆம்பியர் இழுக்குமோ அவ்வளவும் போய்க்கொண்டிருந்தது. கரண்ட் போகிறது, வேலை நடக்கிறது, சூடு மட்டும் இல்லை. வேலை செய்கிற எதுவும் சுட்டுத்தான் ஆக வேண்டும், அதற்குத் தப்பின மெஷினை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. அப்படியானால் அந்தச் சூடு எங்கே போகிறது?

டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி புறங்கையை வைத்தேன். எடுக்கவே இல்லை. எடுத்தால் ஏதோ அறுந்துவிடும் என்று தோன்றியது, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை மரத்துப்போனது. பிறகு புறங்கையில் லேசாக வெதுவெதுப்பு வந்தது, ஒரு ஃபேன் நடுங்கிச் சுற்றியது, அப்புறம் மூன்றும் எழுந்தன. எண் பழையபடி அறுபதுக்கு ஏறி நின்றது. போன் அடித்தது.

ரோஸ்லின்தான். மாமா, மாமா என்றுதான் முதலில் சொன்னாள். அத்தைக்கு இருதயம் நின்றுவிட்டதாம், எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்களாம், உங்களுக்குப் போன் செய்யக்கூடக் கை வரவில்லை என்றாள். பிறகு திரும்பி வந்துவிட்டதாம், இப்போது கண் விழித்துவிட்டார்களாம்.

"உள்ள போயி கால தொட்டேன் மாமா. சுடுது" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டி உப்புக்காற்று அடிக்கிறவரை முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடியே வந்தேன். மருந்து வேலை செய்திருக்கிறது, டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏறக்குறைய நம்பியும்விட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ரோஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். நான் இன்னும் உள்ளே காலே வைக்கவில்லை.

"மாமா, அத்த ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. மோதிரத்த எங்க வெச்சுட்டு வந்தீங்கன்னு."

எனக்குப் புரியவில்லை. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்க வந்து கால்ல புறங்கைய வெச்சீங்களாம். மோட்டார தொடுற மாதிரி. ரொம்ப நேரம் எடுக்கவே இல்லயாம். கையில மோதிரம் இல்ல, எங்கயாவது தொலச்சுடப் போறாருன்னு சொல்றாங்க. மாமா கடலூர்ல இருக்காருன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க."

இரண்டு பேரும் என் கையைப் பார்த்தோம். விரலில் மோதிரத்தின் வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது. மோதிரம் மஞ்சக்குப்பத்தில், அந்தப் பெட்டியின் மேலேயே இருந்தது.

கலாவதி வீட்டுக்கு வந்து நன்றாகவே இருக்கிறாள். அந்தக் கார்டை எத்தனையோ தடவை முழு வேலை கொடுத்துப் புறங்கை வைத்துப் பார்த்துவிட்டேன். மற்ற கார்டு மாதிரியே சுடுகிறது. மயக்கத்தில் ஏதோ தோன்றியிருக்கும், என் பழக்கம் அவளுக்குத் தெரியாதா என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும் செய்தேன். ரோஸ்லினிடம் கேட்டு அந்த வோல்டேஜை ஒரு படி மேலே ஏற்றச் சொன்னேன். ஏன் மாமா, அத்தைக்கு இந்த அமைதிதானே நல்லது என்றாள். கொஞ்சம் சத்தம் கேட்கட்டும்மா என்றேன். அவள் ஏற்றிவிட்டாள்.

இப்போதெல்லாம் மத்தியானத்தில் கடையை விட்டு மேலே வந்துவிடுகிறேன். இந்த அறையில் ஃபேன் முனகும், அந்த அறையில் கலாவதி தூங்குவாள். படம் முடிந்து ஃபேன் நிற்கிறபோது, முடிந்துதான் நின்றது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுந்து போய், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, புறங்கையால் அவள் காலைத் தொட்டுப் பார்க்கிறேன்.