ஓடை என்று எழுதினேன்

விதுரா என்ற மலையாளத்து ஊருக்கு அப்பால் எனக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ரப்பர் நின்ற நிலம். விலை விழுந்தது; மழையும் பால் வெட்டும் நாளாகப் பார்த்துப் பெய்தது. ஓய்வு பெற்றதும் மரங்களை வெட்டிவிட்டு மிளகு வைத்தேன். மேல்பக்கத்து அயல்காரரும் ரப்பரை வெட்டி ரம்பூட்டான் வைத்தார். இருவரும் காலத்துக்கேற்ப மாறியவர்கள்தான். பஞ்சாயத்து அவருக்கு மட்டும் பொன்னாடை போர்த்தியது.

முன்பெல்லாம் வரும் கோடைமழை இப்போது வருவதில்லை. அந்த வெயிலில் தண்ணீர் இல்லாவிட்டால் இளம் மிளகுக்கொடி பிழைக்காது. இரண்டு நிலத்துக்கும் ஒரே ஓடை. அயல்காரர் அதன் குறுக்கே மணல்மூட்டை அடுக்கி மோட்டார் வைத்தார். என் பக்கம் கூழாங்கல் மிஞ்சியது.

போய்க் கேட்டேன்.

"காலம் மாறியில்லே, சாரே? சாரும் மாறணும்" என்றார்.

பிறர் மனுக்களை நிராகரித்தே பணிக்காலத்தைக் கழித்தவனிடம் இப்படிப் பேசியிருக்கக் கூடாது.

பஞ்சாயத்துக்கு மனு எழுதினேன். எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்பது விதி. ஆகவே தமிழில் எழுதினேன். அந்த அலுவலகத்துக் குமாஸ்தாவைவிட எனக்கு மலையாளம் நன்றாக வரும். அது வேறு விஷயம். 'அயல்காரர் ஓடையை அடைத்துவிட்டார்' என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

கொடிகள் துவளத் தொடங்கிய பிறகு ஒருவர் வந்தார். சுகாதார ஆய்வாளர். மூக்கில் கைக்குட்டை.

"அடஞ்ச ஓட எவிடெ, சாரே?"

மலையாளத்தில் ஓட என்றால் சாக்கடை. என் மனுவை மொழிபெயர்த்த மேதை அதைச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்.

"சாக்கடை இல்லை. ஓடை. நீங்க தோடுன்னு சொல்றது."

"தோடு ஞங்ஙடெ செக்ஷன் அல்ல, சாரே."

தங்கள் பிரிவு அல்ல என்று அப்படியே போயிருக்கலாம். கொடிகளுக்காக நான் பீப்பாய்களில் சேர்த்து வைத்திருந்த கடைசித் தண்ணீரை எட்டிப் பார்த்தார். கொசுப்புழு நெளிந்தது.

"இது ஞங்ஙடெ செக்ஷன்" என்றார்.

அவர் கண்முன்னே கவிழ்க்க வேண்டும். இல்லையென்றால் நோட்டீஸ். அந்த அதிகாரம் அவருக்கு உண்டு என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். கவிழ்த்தேன். வேலிக்கு மேலிருந்து அயல்காரரின் குரல் வந்தது.

"வெள்ளம் பாழாக்கல்லே, சாரே." அவர் மொழியில் தண்ணீர்தான் வெள்ளம்.

நகரத்துக் கோட்டைக்குள் இருக்கும் வீட்டுக்குத் திரும்பியதும் மனைவியிடம் சொன்னேன்.

"ஏன்னா, தோடுன்னே எழுதித் தொலைச்சிருக்கப்படாதோ?"

"தமிழ்ல தோடு காதுல கிடக்கறது."

"அப்போ அதைக் கழட்டித் தரேன், வித்துத் தண்ணி லாரி கொண்டுவாங்கோ."

திருத்த மனு கொடுத்தேன், தமிழிலேயே. ஓடைக்கு விளக்கமும் சேர்த்தேன். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. மிளகுக்கொடிகள் தாங்குகால்களோடு ஒட்டிக் கருகிவிட்டன.

போன வாரம் அயல்காரர் கையில் ஒரு கன்றோடு வேலியருகே வந்தார்.

"ரம்பூட்டான் தை தரட்டே, சாரே? நல்ல இனமாணு."

"தண்ணீருக்கு எங்கே போவது?"

"ஒரு மனு எழுதணும், சாரே."