வாய் திறக்காத சவாரி

நாற்பத்து மூன்று வயதில் மறுபடி குதிரை மேல் ஏறினேன். சேணம் கிடையாது, மடித்துப் போட்ட கோணிப்பை. குதிரையும் ராயபுரத்தில் ஜட்கா இழுக்கிற கிழட்டுப் பெண்குதிரை. அதன் சொந்தக்காரன் வண்ணாரப்பேட்டை முஸ்லிம். துறைமுகத்தில் மூட்டைகளுக்கு மைக்குறி போட்டுக்கொண்டிருந்த எனக்குத் தோஸ்து.

யுத்தத்துக்கு முன்னால் நான் குதிரைப்படையில் இருந்தவன். பட்டாளம் மோட்டாருக்கு மாறியபோது குதிரைகளோடு என்னையும் கழித்துவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் மைவாடை. அப்போதுதான் நகரத்தின் தென்கோடியில் ஒரு சவாரிப் பள்ளிக்கு வாத்தியார் தேவை என்று பேப்பரில் பார்த்தேன். நடைப்பயிற்சி, அதாவது குதிரையை அளந்து அடியெடுத்து வைக்கப் பழக்கும் வித்தை, தெரிந்தவர் நேரில் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். ஒரு மாதம் இருந்தது. இது போனால் சாகிறவரை மைதான் என்று எனக்குத் தெரியும்.

காசிமேட்டு மணலில், விடிகிற நேரத்தில் பழகினேன். கடல் ஈயம் மாதிரி கிடக்கும். பேசின் பிரிட்ஜ் பக்கத்துப் புகை மெல்ல இறங்கி வரும். கருவாடு காயப்போடுகிற பெண்களுக்கு நான்தான் வேடிக்கை. மாப்பிள்ளை ஊர்வலம் இவ்வளவு காலையிலா, பொண்ணு ஓடிப்போச்சா என்று கேட்பார்கள்.

நடைப்பயிற்சியில் சவாரி செய்கிறவன் வாயே திறக்கக் கூடாது. முழங்காலின் ஓர் அழுத்தம், இடுப்பின் ஒரு சாய்வு. குதிரை கால்மாற்றிப் பக்கவாட்டில் நகர வேண்டும். பார்க்கிறவனுக்குக் கட்டளை எப்போது போனதென்றே தெரியக் கூடாது. ஜட்காக் குதிரைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நான் அழுத்த அழுத்த அது மரம் மாதிரி நின்றது.

தோஸ்து சிரித்தான். "காலால பேசினா அதுக்கு இன்னா மாமு தெரியும்? வாயால சொல்லு."

நாக்கை அண்ணத்தில் தட்டி 'ட்ச் ட்ச்', பிறகு ஒரு நீண்ட 'ஹேய்'. கும்பலை விலக்க அவன் போடும் சத்தம். காலை அழுத்தியபடியே அதைப் போட்டேன், நகர்ந்தது. இரண்டு வாரத்தில் அலை நுனியோரம் பக்கநடை போட்டது. என் தொடைகள் எரிந்தன, உடம்பு திரும்ப வந்துகொண்டிருந்தது. சந்தோஷத்தில் நான் வேறெதையும் கவனிக்கவில்லை.

பள்ளியில் எனக்குக் கொடுத்தது உயர்ந்த சாதிக் குதிரை. வட்டம் போட்டேன், அசையாமல் நிறுத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையசைத்தார். பக்கநடையில் குதிரை அரை நொடி தயங்கியது. அந்த அரை நொடியில் என் வாயிலிருந்து வந்துவிட்டது: ட்ச் ட்ச், ஹேய்.

லாயக்காரர்கள் குனிந்து சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்தப் பயங்கரம்: நாக்கு நின்றதும் காலும் நின்றுவிட்டது. எதை எங்கே அழுத்துவதென்று என் கால்களுக்கு மறந்து போயிருந்தது. குதிரை காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தது, பாவம்.

"இதுக்கு முன்னாடி ஜட்கா ஓட்டினீங்களோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

ராயபுரம் திரும்பியபோது தோஸ்து வண்டியை விட்டுக் குதித்து ஓடிவந்தான். "இன்னாச்சு மாமு, கெடச்சிச்சா?" அவன் சத்தம்தான் என்னைக் கவிழ்த்தது என்று எப்படிச் சொல்வேன்? தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றே அவனுக்குப் பட்டது. நான் திருத்தவில்லை.

"பாத்துக்கடா, நம்ம குதிர வாத்தியாரையே பாஸ் பண்ண வெச்சிகீது" என்று ஜட்கா ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனான். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

சவாரி வாத்தியார் மைக்கறைச் சட்டையோடு அந்த ஸ்டாண்டைக் கடக்க முடியுமா? மறுநாளிலிருந்து ரயில் பாதையோரமாகச் சுற்றி வேலைக்குப் போகிறேன். அந்த வழியில் மீன்கழிவுக் குட்டை ஒன்றும், நீளமான ஒரு சுவரும் உண்டு. வேறொன்றும் கிடையாது.