கூட்ஸ் வண்டிக்கு அந்தப் பக்கம்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஒரு கூட்ஸ் ரயிலுக்கு அடியில் இருந்தேன்.

சரியாகத்தான் படித்தீர்கள். உள்ளே இல்லை, பக்கத்தில் இல்லை... அடியில். வயது ஐம்பத்தெட்டு. சுகர் உண்டு. ரோட்டைக் கடக்க இரண்டு பக்கமும் மூன்று முறை பார்க்கிற ஆசாமி நான். என் பயந்த சுபாவத்தை இந்தப் பத்தியில் நீங்கள் எத்தனையோ முறை படித்துச் சிரித்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவன் எப்படி அங்கே போனேன்?

என் மகள் கவிதாவுக்கு மறுநாள் காலை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. நாலு வருஷம் கல்யாணம், காட்சி என்று எங்கும் போகாமல் படித்து எழுதிய அரசுத் தேர்வு. ஒரிஜினல்களோடு நேரில் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்கு. வழியனுப்ப நானும் கிளம்பினேன். ஒரிஜினல் ஃபைல் என் கையில் — அவள் கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவாள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

எங்களைப் போன்ற தர்மபுரிக்காரர்கள் சென்னைக்கு ரயிலேற மொரப்பூர் போகவேண்டும். தர்மபுரியிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் அது பெங்களூர் போகிற பாதை. மொரப்பூர் வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷன். அங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியதாம். யுத்த சமயத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பார்கள். மறுபடி பாதை போடப்போகிறோம் என்ற பேச்சை நான் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். அது வரும் வரைக்கும் பஸ்ஸில் போய் ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான். பாதி எக்ஸ்பிரஸ்கள் நம்மைப் பார்க்காத மாதிரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். நிற்கிற வண்டிகளும் ஓரிரு நிமிஷம்தான்.

அன்றைக்கு எங்கள் பஸ் ஒரு கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. நான் வாட்சைப் பார்ப்பதும் டிரைவரின் முதுகைப் பார்ப்பதுமாக வந்தேன். "அப்பா, நீங்க பாக்கறதால பஸ்சு வேகமா போவாது" என்றாள் கவிதா.

ஸ்டேஷன் வாசலுக்குச் சுற்றிப் போக நேரமில்லை. பின்பக்கத்து ரோட்டிலேயே இறங்கி ஓடினோம். தண்டவாளம் வரை வந்தால்... குறுக்கே ஒரு கூட்ஸ். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு தண்டவாளம், அதற்கப்புறம் எங்கள் பிளாட்பாரம். நடைமேம்பாலம் தூரத்தில், கூட்ஸின் ஒரு கோடியில் இருந்தது. சென்னை வண்டி இன்னும் சில நிமிடங்களில் வரும் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது.

அப்போதுதான் சம்பத் வந்தார். கம்பி கட்டும் மேஸ்திரி. வாரத்தில் நாலு நாள் ஜோலார்பேட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறவர். எனக்கு முகம் தெரிந்தவர்.

"இன்னா சார் நின்னுட்டீங்க? அடியில பூந்து வாங்க."

"நகர்ந்துட்டா?"

"எக்ஸ்பிரஸ் போவாம கூட்ஸ் நவராதுங்க. எக்ஸ்பிரசுக்கு வழி வுடத்தான அத ஓரங்கட்டி வச்சிருக்கறான்? நான் எத்தினி வருசமா பாக்கறேன்."

இது எங்கள் ஊர்ப் பக்கத்துச் சட்டம். எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் டிபன் பாக்ஸ் தூக்குகிறவர்கள், காய்கறி மூட்டைக்காரர்கள், சேலை கட்டிய டீச்சர்கள் எல்லோரும் இதை நம்பித்தான் வேகனுக்கு அடியில் குனிகிறார்கள். கேட்டால் நியாயமாகத்தான் படும். எனக்கும் பட்டது!

சம்பத் குனிந்தார், மறைந்தார். நான் ஃபைலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். "பின்னாடியே வந்துடு கண்ணு" என்று சொல்லிவிட்டு நானும் குனிந்தேன். கவிதா ஏதோ சொன்னாள். காதில் வாங்கவில்லை.

ஜல்லி முட்டியில் குத்தியது. கை முழுக்க கிரீஸ். எப்படியோ அந்தப் பக்கம் வந்து நிமிர்ந்தேன். திரும்பிப் பார்க்காமலே கத்தினேன்: "வா கண்ணு, குனிஞ்சு வா!"

டக்.

எஞ்சின் பக்கமிருந்து அந்தச் சத்தம் வேகன் வேகனாக ஓடி வந்தது. டக்... டக்... டக். என் முன்னால் இருந்த சக்கரம் லேசாக உருண்டது. பிறகு நிற்கவே இல்லை.

அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவள் குனிந்தாளா? பாதியில் இருக்கிறாளா? சக்கரங்களுக்கு நடுவே பார்த்தேன். கால் தெரியவில்லை. துணி தெரியவில்லை. போன் போட்டேன். ரிங் போகிறது... எடுக்கவில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. சம்பத் என் கையைப் பிடித்து இழுத்தார். "சார், வண்டி வந்துட்டுது, மேல ஏறுங்க" என்று தூக்காத குறையாகப் பிளாட்பாரத்தில் ஏற்றினார். எக்ஸ்பிரஸ் வந்து நின்றது. இப்போது எனக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு ரயில்.

யூனிபார்மில் இருந்த ஊழியர் ஒருவரிடம் போய் "கூட்ஸை நிறுத்துங்க" என்றேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. விஷயம் புரிந்ததும் அவர் முகம் மாறியது.

"அது எதிர்ப்பக்கம், சேலம் போற கூட்ஸ் சார். சென்னை வண்டிக்காக அது ஏன் காத்திருக்கணும்? எஞ்சின் எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாக்க மாட்டீங்களா?"

பார்க்கவில்லை. ஊரே பார்ப்பதில்லை. அவர் வாக்கிடாக்கியை எடுத்தார். சம்பத் என் கையை விட்டுவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அப்பா... ஃபைலு."

கவிதா. மூச்சு வாங்க, துப்பட்டா ஒரு பக்கம் தொங்க, தோளில் பையோடு நின்றாள். அந்த ஊழியர் வாக்கிடாக்கியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நான் பாலத்துல வரேன்னு சொன்னேனேப்பா" என்றாள். நான் குனிந்ததுமே ஓட ஆரம்பித்துவிட்டாளாம்.

சட்டைக்குள்ளிருந்து ஃபைலை உருவினேன். ஒரு பொட்டு கிரீஸ்கூட அதில் இல்லை. அவ்வளவு பத்திரமாகக் கொண்டு வந்திருக்கிறேன் — மகளைச் சக்கரத்துக்கு அடியில் வா என்று கூப்பிட்டுவிட்டு. அவள் பிடுங்கிக்கொண்டு எதிரில் இருந்த பெட்டியில் ஏறினாள். வண்டி கிளம்பியது. நான் கையசைக்கவில்லை. கிடைத்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. சாயங்காலம் ஏறினாலும் விடிவதற்குள் சென்னை. பாலத்தில் வந்தாலே ரயில் கிடைத்திருக்கும், அவளுக்குக் கிடைத்ததே! பதற்றத்தில் இருப்பவனுக்கு உலகத்தில் ஒரே வழிதான் தெரியும். அதுவும் பெரும்பாலும் தப்பான வழியாக இருக்கும்.

மறுநாள் மத்தியானம் கவிதாவிடமிருந்து போன்.

"முடிஞ்சுதாம்மா?"

"எல்லாம் சரியா இருக்குதுன்னுட்டாங்க. அத வுடுங்க. நேத்து திரும்பி எப்டி வூட்டுக்குப் போனீங்க?"

"பஸ்சுலதான்."

"பஸ்ச கேக்கலப்பா. அந்தப் பக்கம் ரோட்டுக்கு எப்டி போனீங்க?"

"பாலத்து மேலதான்" என்றேன். நம்பலாமா என்று யோசிக்கிறாள்.

"இனிமே ஸ்டேஷனுக்குத் தனியா போவாதீங்கப்பா."

இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் அந்த வசனம் என்னுடையது.