ஒரு நாளைக்கு ஒரு சாவு

எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோதே அந்தக் கொம்பியூட்டருக்கு வயதாகிவிட்டது. லண்டனில் மாமா வேலை செய்த இடத்தில் பழசு என்று ஒதுக்கியதை அவர் கேட்டு வாங்கி, பழைய குளிர் உடுப்புகளால் சுற்றி, கப்பலில் போட்டு அனுப்பியிருந்தார். அது சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலம். கண்டி வீதி திறந்து கொழும்பு லொறிகள் யாழ்ப்பாணத்துக்கு வரத் தொடங்கியிருந்தன. பெட்டி இணுவிலில் எங்கள் படலையடியில் இறங்கிய அன்று ஒழுங்கை முழுவதும் வந்து பார்த்தது. எனக்கு ஒன்பது வயது. கொம்பியூட்டர் வீட்டுப் பிள்ளை என்று அன்று நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் எனக்கே ஒரு அடி போடவேண்டும்போல் இருக்கிறது.

உண்மையில் அது எனக்காக வந்ததல்ல, சின்னம்மாவுக்காக வந்தது. சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. இருவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். தாய் தகப்பன் இல்லாமற் போனபிறகு அவரைத் தூக்கி வளர்த்தது அம்மாதான். அப்பா கொழும்பில் கடையொன்றில் நின்றார், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருவார். ஆக வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். சின்னம்மா சுன்னாகத்தில் ஒரு வகுப்புக்குப் போய்க் கொம்பியூட்டர் படித்து, ஒரு சான்றிதழும் எடுத்திருந்தார். அதை அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் விட்டார். பழகுவதற்கு வீட்டில் ஒன்று இருந்தால் வேலை எடுக்கலாம் என்று மாமாவுக்குக் கடிதம் போனது. பெட்டி கடலில் வந்துகொண்டிருக்கும்போதே வேலை கிடைத்துவிட்டது. டவுனில் ஒரு ஒபிஸ், விபரங்களைக் கொம்பியூட்டரில் பதிகிற வேலை என்றார் சின்னம்மா. அம்மா அன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

கொம்பியூட்டரை அம்மா சாமியறைக்கு அடுத்த மரியாதையில் வைத்திருந்தார். திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. பின்னல் கரை வைத்த வெள்ளைத் துணி ஒன்று அதற்கு மேல் கிடந்தது. கால் கழுவாமல் அந்த அறைக்குள் போகக்கூடாது. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு விசைப்பலகையையும் கழற்றிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டதால், ஏடு தொடக்கும் நாள்வரை அதில் யாரும் கைவைக்க முடியவில்லை. மற்ற நாட்களில் கரண்ட் ஆளியைப் போட்டால் முதலில் கறுப்புத் திரையில் வெள்ளை இலக்கங்கள் ஏறிக்கொண்டு போகும். பிறகு ஒரு சொல்லைத் தட்டினால்தான் படம் வரும். அந்தச் சொல்லைச் சின்னம்மா தன் கொப்பியின் பின்மட்டையில் எழுதி வைத்திருந்தார். சின்னம்மா இல்லாத நேரம் பார்த்து நான் அதை மனப்பாடம் செய்தேன்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலையில், அம்மா நிலத்தைக் கழுவி ஈரம் காயுமுன்னே, தனியாகப் போய்ப் படத்தை வரவைத்தேன். அதற்குள் விளையாட்டுகள் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். ஒன்று சீட்டு விளையாட்டு. மற்றதைத் திறந்தபோது நிறையச் சாம்பல் நிறக் கட்டங்களும், மேலே சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றும் வந்தன. ஒரு கட்டத்தை அமத்தினேன், இலக்கம் வந்தது. இன்னொன்றை அமத்தினேன், வேறொரு இலக்கம். மூன்றாவதில் முள்ளு முள்ளாகக் கறுப்பாய் ஒரு உருண்டை வந்தது. மஞ்சள் முகம் செத்துப்போனது.

அந்த உருண்டையை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் அதன் அண்ணன் தம்பிமார் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தார்கள். மாதத்துக்கொரு தரம் ஒரு குழு வந்து மிதிவெடியைப் பற்றிப் பாட்டும் நாடகமுமாகச் சொல்லித் தந்துவிட்டுப் போகும். கண்டால் தொடாதே, ஓடாதே, வந்த காலடியிலேயே பின்வாங்கு, பெரியவர்களுக்குச் சொல். நான் வகுப்பில் கெட்டிக்காரி. மவுஸிலிருந்து கையை மெதுவாக எடுத்தேன். எழுந்தேன். ஈர நிலத்தில் என் காலடிகள் பதிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் பிசகாமல் பாதத்தை வைத்துப் பின்பக்கமாகவே நடந்து, வாசலைத் தாண்டி, குசினிக்குள் போய் அம்மாவின் முதுகில் மோதினேன்.

"அம்மா, கொம்பியூட்டருக்குள்ளை மிதிவெடி."

அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் ஊர்த் தாய்மார் முதலில் பிள்ளையைத் தூக்குவார்கள், பிறகுதான் விசாரிப்பார்கள். அம்மா என்னை இடுப்பில் அள்ளிக்கொண்டு, போகிற போக்கில் மெயின் சுவிச்சையும் இறக்கிவிட்டு, முன்வீட்டு வளவில் போய் நின்றுகொண்டார். அடுப்பில் பருப்பு கருகியது. முன்வீட்டு அண்ணை துணிந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வெறும் கறுத்த திரைதான் இருக்கிறது என்று வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. மத்தியானத்துக்குள் கதை ஒழுங்கையின் மறு முனைக்குப் போய்விட்டது.

பின்னேரம் வேலையால் வந்த சின்னம்மாவிடமும் சொன்னார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. படலையடியிலேயே குந்தி, என் இரண்டு கைகளையும் பிடித்து உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். விரல்களை எண்ணுகிறாரோ என்று எனக்குத் தோன்றியது. பிறகு உள்ளே கூட்டிக்கொண்டுபோய் ஆளியைப் போட்டு, அந்த விளையாட்டைத் திறந்து காட்டினார்.

"இது படம். ஒண்டும் செய்யாது. ஆனா நீ திரும்பி வந்த விதம் சரி. அதை மறந்திடாதை."

அன்றுதான் அந்த இலக்கங்களுக்கு அர்த்தம் தெரிந்தது. ஒன்று என்று வந்தால், அதைச் சுற்றியிருக்கிற எட்டுக் கட்டங்களில் ஒரு வெடி ஒளிந்திருக்கிறது. இரண்டென்றால் இரண்டு. கணக்குப் பார்த்து, வெடியுள்ள கட்டத்தில் சிவப்புக் கொடி குத்திவிட்டு, மற்றவற்றைத் திறக்கவேண்டும். எல்லாம் திறந்தால் மஞ்சள் முகம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளும். எனக்குப் பிடித்துவிட்டது. சின்னம்மா மாதிரி ஆமை வேகத்தில் விளையாட மட்டும் பிடிக்கவில்லை. அவர் ஒரு ஓரத்தில் தொடங்கி, ஒரு வரிசையை முடித்துத்தான் அடுத்ததுக்குப் போவார். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் உள்ளங்கையை வலது தொடையில் துடைத்துக்கொள்வார். பிறகு தலையை இடது பக்கம் நன்றாகச் சரித்து, கட்டத்தைப் பக்கவாட்டில் பார்ப்பார். கண்ணாடித் திரையில் பக்கவாட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் பகிடி பண்ணுவேன். கடைசியில் இரண்டு கட்டம் மிஞ்சி, எதில் வெடி என்று கணக்கால் சொல்லவே முடியாமல் வந்தால், அதை அப்படியே மூடிவிட்டு எழும்பிவிடுவார். வென்ற முகத்தைப் பார்க்க ஒரே ஒரு அமத்தல்தான் மிச்சம் இருக்கும். எனக்கு விசர் பிடிக்கும்.

நானோ ஒரு நிமிடத்துக்குப் பத்துத் தரம் சாவேன். டக் டக்கென்று அமத்துவேன், வெடிக்கும், முகத்தை அமத்தினால் புதுசு வரும், திரும்ப அமத்துவேன். அதைச் சின்னம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாலாம் நாளே சட்டம் போட்டுவிட்டார்.

"ஒருக்காச் செத்தா அவ்வளவுதான். அண்டைக்கு விளையாட்டு முடிஞ்சுது."

"இது கேம்தானே சின்னம்மா! அமத்தினா உடனே புதுசு வரும்."

"வராது. நாளைக்குத்தான் வரும்."

நான் அழுதேன். இரவு சாப்பிடமாட்டேன் என்றேன். சின்னம்மா ஒரு சூனியக்காரி என்று கணக்குக் கொப்பியில் எழுதி, அவர் பார்க்கும்படி விரித்தும் வைத்தேன். கரண்ட் மிச்சம் என்று அம்மாவும் அவர் பக்கமே நின்றார். வேறு வழியில்லை. நாளுக்கு ஒரு சாவுதான் என்று ஆனபிறகு அதைச் செலவழிக்க மனம் வருமா? கொஞ்சம் கொஞ்சமாக என் கையும் மெதுவானது. தெரியாத கட்டத்துக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கப் பழகினேன். சுன்னாகத்து மின்நிலையத்தில் கரண்ட் குறைந்து திரை நாலு பக்கமும் சுருங்கினாலும் இரண்டு பேரும் ஒரே கதிரையில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்போம். சின்னம்மாவின் தோளில் மண் வாசனையும் சவர்க்கார வாசனையும் சேர்ந்து வரும். அந்த நேரத்துக்காகவே நான் வீட்டுப்பாடத்தை ஓட்டமாக முடிப்பேன்.

அந்த ஒபிஸைப் பற்றி அம்மாவுக்குச் சில குறைகள் இருந்தன. விடியமுன்னமே பஸ்ஸுக்குப் போகவேண்டியிருந்தது ஒன்று. நாலு மாதத்தில் சின்னம்மா கறுத்துப்போனது இன்னொன்று. ஏசி அறையில் இருந்து கறுக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்பார் அம்மா. பஸ்தரிப்பில் வெயில் என்பார் சின்னம்மா. ஒருநாள் கிணற்றடியில் அவருடைய முழங்கால்கள் தடித்துக் காய்த்திருப்பதை அம்மா கண்டார்.

"என்னடி இது? பிழை விட்டா முழங்காலிலை நிக்க வைக்கினமோ உங்கடை ஒபிசிலை?"

"கீழ்த்தட்டிலைதான் அக்கா பைல் எல்லாம் கிடக்கு. குந்தியிருந்து எடுக்கவேணும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

தவணை விடுமுறையில் அம்மாவின் சிநேகிதி ஒருவர் அரியாலையில் வீடு திருத்திக் குடிபுகுந்தார். நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். வழியில் ஓரிடத்தில் பஸ் ஊர்ந்துதான் போனது. வீதியோரத்துப் பனங்காணியில் சிவப்பு முனை வைத்த தடிகள் வரிசையாக நட்டிருந்தன. தடிக்குத் தடி நாடா கட்டி, நிலத்தைப் பாதை பாதையாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பாதையிலும் ஒருவர் முழங்காலில் நின்று, முகத்தை மறைத்த கண்ணாடித் தகட்டோடு, மண்ணை விரல் அளவு விரல் அளவாகக் கிளறிக்கொண்டிருந்தார். நான் யன்னலில் தொற்றிக்கொண்டு பஸ் முழுவதும் கேட்கக் கத்தினேன்.

"அம்மா, எங்கடை கேம்! அப்பிடியே எங்கடை கேம்!"

சனம் சிரித்தது. எனக்கு அது போதவில்லை.

"அந்தக் கடைசி ஆளைப் பாருங்கோ அம்மா. சின்னம்மா மாதிரியே தொடையிலை கையைத் துடைச்சிட்டுத் தலையைச் சரிக்குது!"

அம்மா திரும்பிப் பார்த்தார். பஸ் அந்தக் காணியைத் தாண்டும்வரைக்கும் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார். இறங்குமட்டும் விடவில்லை, எனக்கு நொந்தது. குடிபுகுந்த வீட்டில் பால் பொங்கியது. சிநேகிதி நீட்டிய பலகாரத் தட்டை அம்மா சாப்பிடாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் இருந்தது சின்னம்மாதான் என்று எனக்குத் தெரிந்தபோது நான் ஓ.எல். பரீட்சை வகுப்புக்கு வந்துவிட்டேன். சட்டம் போட்ட சான்றிதழோடு ஏறி இறங்கிய இடமெல்லாம் இடமில்லை என்று சொல்ல, வெடி அகற்றுகிற நிறுவனம் மட்டும்தான் வா என்றிருக்கிறது. சண்டை திரும்ப மூளும்வரை அவர் அங்கே வேலை செய்தார். இப்போது சாவகச்சேரியில், பத்து விரலோடும், இரண்டு பிள்ளைகளோடும், கொஞ்சம் சர்க்கரை வருத்தத்தோடும் இருக்கிறார். அன்று பஸ்ஸிலிருந்து கண்ட பிறகும் ஏன் அவரை மறிக்கவில்லை என்று அம்மாவிடம் ஒருமுறை கோபமாகவே கேட்டேன். "எனக்குத் தெரியும் எண்டு சொன்னா, அவள் என்னை நினைச்சு நினைச்செல்லே மண்ணைக் கிளறுவாள். கை நடுங்கும்" என்றார். அந்த மூன்று வருடத்தையும் அம்மா எப்படிக் கடத்தினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் அரியாலைக்குப் போய்வந்த அந்தப் பின்னேரம் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. சின்னம்மா வந்தார். அவர் பிந்தியதற்கு அம்மா ஏசவில்லை, கறுத்ததற்கும் ஏசவில்லை. நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து நிலத்தில் இருந்துகொண்டு, சின்னம்மாவின் முழங்கால்களை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தார். குந்தியிருந்து பைல் எடுக்கிறது நோகும்தானே என்றார். ஓம் அக்கா என்றார் சின்னம்மா. எனக்கோ விளையாட்டுக்கு நேரமாகிறதே என்று அந்தரமாக இருந்தது.

கொம்பியூட்டரின் முன்னால் அம்மா ஒருநாளும் வந்து இருந்ததில்லை. அன்று ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு எங்களுக்குப் பின்னால் இருந்தார். நானும் சின்னம்மாவும் வரிசை வரிசையாகத் திறந்துகொண்டு போனோம். நல்ல ஆட்டம். கடைசியில் மூலையில் இரண்டு கட்டம் மிஞ்சியது. எந்தக் கணக்குக்கும் அகப்படாத இரண்டு.

"எதிலை கிடக்கெண்டு தெரியாட்டி என்ன செய்வாய்?" என்று அம்மா கேட்டார்.

"தொடமாட்டன் அக்கா."

"ஆரும் கெதியெண்டு அவசரப்படுத்தினா?"

"கெதிப்படுத்தினாலும் தொடமாட்டன்."

"களைச்சுப்போனா?"

"எழும்பி வந்திடுவன் அக்கா. சத்தியமா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. வெற்றி ஒரு விரலளவில் இருக்க, இந்த இரண்டு பேரும் விசாரணை நடத்துகிறார்கள். "இப்பிடிப் பயந்தா ஒருநாளும் வெல்லேலாது" என்றேன்.

"வெல்லத் தேவையில்லை பிள்ளை" என்றார் அம்மா. "வீட்டை வந்து சேர்ந்தாப் போதும்."

சின்னம்மா திரும்பவில்லை. கண்கள் திரையிலேயே இருந்தன. அவருடைய தோளில் அம்மாவின் கை இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் மூன்று பேரும் வீட்டில்தானே இருக்கிறோம், இந்த அம்மாவுக்கு விளையாட்டும் விளங்கவில்லை ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டே, அந்த இரண்டு கட்டத்தையும் திறக்காமல் ஆட்டத்தை மூடினேன்.