எந்த மன்றம்

இணையம் எங்கள் ஊருக்கு வந்த புதிதில், ‘ஃபோரம்’ என்னும் சொல்லை நாவில் ஏற்றுவதில்லை என உறுதி பூண்டிருந்தேன். பேருந்து நிலையத்தருகே ஒரு பிரௌசிங் சென்டரில் அமர்ந்து, தமிழ்ச் சொற்களைப் பற்றிப் பலர் வாதிடும் தளமொன்றில் நானும் வாதிடுவேன். அதற்கு நான் இட்ட பெயர் மன்றம். வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

அவ்வாண்டு கார்த்திகைத் தீபத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், வாங்கி இரண்டே மாதமான கிரைண்டர் நின்றுவிட்டது. தீபம் காணக் கீழ்பென்னாத்தூரிலிருந்து மனைவியின் உறவினர் பதினான்கு பேர் வரவிருந்தனர். அத்தனை பேருக்கும் இட்லி. “தண்ணி உள்ள பூந்திருக்கு சார், கம்பெனி ஒத்துக்காது” என்று கைவிரித்தார் கடைக்காரர்.

நுகர்வோர் மன்றத்துக்கு முறையீடு எழுதச் சொன்னாள் மனைவி. எழுதினேன், ஓர் ஒற்றுப்பிழையும் இல்லை. அதன் அழகில் நானே மயங்கி, அனுப்புமுன் அன்பர்கள் கருத்தறிய இணையத்தில் இட்டேன்.

“மன்றத்துல போட்டுட்டீங்களா?” என்றாள்.

“போட்டாயிற்று” என்றேன். பொய்யன்று.

மறுநாளே என்னைக் கடைக்கு இழுத்துச் சென்றாள். “எங்க வீட்டுக்காரர் மன்றத்துல போட்டுட்டாருங்க.”

“எந்த மன்றம்மா, ரசிகர் மன்றமா?”

“வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்குதே, அது.”

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். “ஃபோரத்துலயா?”

அவள் செவியில் அது விண்ணப்பப் படிவமாக விழுந்தது. “ஃபாரமெல்லாம் பூர்த்தி பண்ணியாச்சு.”

அவர் என்னை நோக்கினார். “பதில் வந்துடுச்சா சார்?”

“பதினொருவர் எழுதியிருக்கின்றனர்” என்றேன். அதுவும் பொய்யன்று.

“பதினோரு பேரா?” அவர் முக்காலியில் அமர்ந்தார். “ஏன் சார், இதுக்குப் போயி இவ்ளோ தூரம்?”

மாலைக்குள் புதிய கிரைண்டர் ஆட்டோவில் வந்து இறங்கியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடக்க முயன்ற சிரிப்பு விக்கலாக மாறி, ஒரு செம்புத் தண்ணீருக்கும் அடங்கவில்லை.

தீபத்தன்று காலை, பதினான்கு பேரும் இட்லியில் ஆழ்ந்திருக்க, மைத்துனன் கேட்டான்: “கேஸ் போட்டீங்களாமே மாமா. என்ன தீர்ப்பு?”

முறையீட்டை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பதினொருவரும் எழுதியது, கிரைண்டருக்கு நான் அதில் இட்டிருந்த தமிழ்ச் சொல்லைப் பற்றியே. மகிழ்ச்சி மிகுதியில் எனக்கு எச்சரிக்கை தவறியது.

“‘அரவை இயந்திரம்’ வேண்டாம், ‘மாவாட்டி’யே போதும் என்று ஏழு பேர் சொல்லிவிட்டனர்” என்றேன்.

மனைவி சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எந்த மன்றத்துலங்க போட்டீங்க?”