குரல் கொடுக்காத முற்றம்

கமாஷா பதினாறு வயதிலிருந்து முஹர்ரக் நகரப் பள்ளிக்கூட வாசலில் அவித்த கொண்டைக்கடலை விற்றாள். அந்தப் பானையின் சூட்டில்தான் தம்பி ஃபரஜ் நாலெழுத்து படித்தான். பானை விளிம்பு சுட்ட தழும்பு அவள் வலது கையில் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், "என் தம்பி படிச்சது இது" என்பாள்.

அந்த ஊரை ஆண்ட ஷேக்கின், இப்போது காட்சிக்கூடமாகிவிட்ட பழைய வீட்டில் காவலாளியாகச் சேர்ந்த ஃபரஜ், பார்க்க வருபவர்களுக்குச் சுற்றிக் காட்டுபவனாக உயர்ந்தான். தினமும் அவன் வெள்ளை அங்கியை அவளே தேய்த்தாள். கழுத்துப் பட்டையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் கழற்றச் சொல்லி மறுபடி தேய்ப்பாள். ஆனால் அவன் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷமாகியும் அந்த வீட்டு வாசலை மட்டும் அவள் மிதிக்கவில்லை. அவர்களுடைய உம்மா ஸஃபரான் அங்கே அடிமையாகப் பிறந்தவள். விடுதலைச் சீட்டு கையில் வரும்போது அவளுக்குப் பதினெட்டு வயது. கை தட்டித்தான் கூப்பிடுவார்களாம். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

உம்மா இறந்து மூன்றாம் மாதம் ஃபரஜ் அக்காவிடம் சொன்னான்: "லாத்தா, அந்த வீட்டுக்குள்ளயே, நாலு பேருக்கு முன்னாடி, உம்மா பேரைச் சொல்லப் போறேன். நீ வந்து காதால கேக்கணும்."

அதைக் கேட்கத்தான் அவள் போனாள்.

பெரிய கதவுக்குள் இருந்த சின்னக் கதவில் எல்லோரும் குனிந்து நுழைந்தார்கள். வந்திருந்தவர்கள் பள்ளிக்கூட வாத்தியார்கள், பத்துப் பேர். வெளிக்காற்றை வீட்டுக்குள் இறக்கும் காற்றுக் கோபுரத்தின் கீழே நின்று, சுவரில் செதுக்கிய சுண்ணப் பூ வேலையைக் காட்டி, ஃபரஜ் தடங்கலில்லாமல் பேசினான். வீட்டில் அவன் சொல்லிப் பார்த்தபோது கேட்ட வரிகள். கமாஷாவின் உதடும் கூடவே அசைந்தது.

ஷேக் வீட்டுப் பெண்களின் முற்றம் வந்தது. ஃபரஜ் வாசலுக்கு வெளியே நின்று, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"யா சத்தார்! யா சத்தார்!"

மறைத்துக் காப்பவனே என்று இறைவனை அழைத்து, ஆண்கள் உள்ளே நுழையுமுன் கொடுக்கும் குரல். உள்ளே இருக்கும் பெண்கள் முக்காடு போட்டுக்கொள்ள, ஒதுங்கிக்கொள்ள அவகாசம். மூன்று மூச்சு விடும் நேரம் காத்திருந்தான்.

"ஃபரஜ் அண்ணே," என்றார் ஒரு பருத்த வாத்தியார், "அவங்கல்லாம் மண்ணுக்குள்ள போயி எத்தனை வருஷமாச்சு! இன்னுமா முக்காட்டைத் தேடிக்கிட்டு இருக்காங்க?"

"சிரிங்க சார், சிரிங்க. மரியாதை மரியாதைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். கமாஷாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தான் வளர்த்த பிள்ளை.

கடைசியாக வேலைக்காரர் முற்றம். பூ வேலை இல்லை. புகை படிந்த சுவர், ஒரு கிணறு. ஃபரஜ் பேசிக்கொண்டே நேராக உள்ளே நடந்தான்.

"இங்கதான் ஸஃபரான்னு ஒரு பொண்ணு பொறந்தா. இந்த வீட்டுக் காப்பி அவ கைப்பக்குவம். அவங்க எங்க உம்மா."

"அல்லாஹ் அவங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும்," என்று வேண்டினார்கள் வாத்தியார்கள். ஒருவர் பேரை எழுதிக்கொண்டார்.

கேட்க வந்ததைக் கேட்டாயிற்று. ஆனால் கமாஷா அந்த முற்றத்து வாசலைத் தாண்டவில்லை. உம்மா சாகும்வரை கதவைப் பார்த்தபடி, முதுகைச் சுவரில் ஒட்டித்தான் தூங்கினாள். ஒரே ஒருநாள், மகள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது சொன்னாள்: "எங்க முற்றத்துக்கு எவனும் குரல் கொடுத்துட்டு வந்ததில்லடி. கிணத்தடியில குளிச்சிட்டிருந்தாலும் சரி, படுத்திருந்தாலும் சரி." மகனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? கமாஷாவும் சொல்லவில்லை.

வாத்தியார்களை வழியனுப்பிவிட்டு ஃபரஜ் திரும்பினான். "எப்படி லாத்தா? உம்மா பேரை நல்லா சொன்னேனா?"

"நல்லா சொன்னே. அந்த முற்றத்துல குரல் கொடுத்தியே, இங்க ஏன் கொடுக்கல?"

"இங்கயா? இங்க அப்படி வழக்கமில்லயே."

"இங்க இருந்தவங்க பொம்பளைங்க இல்லயா?"

"பொம்பளைங்கதான். ஆனா அவங்க..."

முகம் கறுத்தது. உம்மா கதவைப் பார்த்துத் தூங்கியதை அவனும் ஆயுள் முழுக்கப் பார்த்தவன்தானே.

"நீ வெளியவே நில்லு, நான் உள்ள போறேன். குரல் கொடுத்துட்டு உள்ள வா."

அவன் வாசலுக்கு வெளியே நின்றான். கமாஷா வாசலைத் தாண்டிக் கிணற்றடிக்கு நடந்து, முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். மூன்று மூச்சு விட்டாள். இன்னும் மூன்று. அப்பால் பெண்களின் முற்றத்தில் புறா ஒன்று இறக்கை அடித்து எழுந்தது. வாசலுக்கு வெளியே ஃபரஜ் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"லாத்தா, மேலதிகாரி வர்ற நேரம்," என்றான் கடைசியில். "பூட்டணும்."

சாவிக்கொத்து குலுங்கியது. செருப்புச் சத்தம் நேராக முற்றத்துக்குள் வந்தது.